பயிரை மிதிக்கத் தெரியாதவர்கள்

ஓடுகிறோம். வரப்பில் ஓடுகிறோம்.

பின்னால் டிராக்டர் சத்தம் நின்றுவிட்டது. அதுதான் பயம். சத்தம் கேட்கும்வரை அடியாட்கள் டிரெய்லரில் இருக்கிறார்கள். நின்றால் இறங்கிவிட்டார்கள்.

பகல் நேரம். நல்ல வெயில். தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை. வீடுகளில் உலை கொதிக்கிறது. இரண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. நடுவில் ஒரு முழ வரப்பு. அதன்மேல் எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஓடுகிறோம். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறோம். பலர் இடுப்பில் பிள்ளை.

பட்.

விறகு முறிகிற சத்தம். நாட்டுத் துப்பாக்கி இவ்வளவு அற்பமாகச் சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் ஓடிய மரியபுஷ்பம் உட்கார்ந்தாள். விழவில்லை. களைத்தவள் உட்காருவது போல வரப்பில் உட்கார்ந்தாள். முதுகில் சிவப்பு பரவியது. வரப்பை அடைத்துக்கொண்டு இருந்தாள். அவளைத் தாண்ட வேண்டும் என்றால் வயலில் இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை. நின்றேன். என் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்பது போல வரிசையாக நின்றோம்.

ஏன் தெரியுமா? பயிரை மிதிக்கக் கூடாது.

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லித் தருவது அது. கதிரில் கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். யார் கதிர்? மிராசுதார் கதிர். அந்த வயலில் எங்களுக்கு ஒரு சாண் மண் கிடையாது. ஆனாலும் உயிர் போகிற நேரத்தில் கால் இறங்க மறுக்கிறது. அடிமைப் புத்தி மண்டையில் இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். தப்பு. அது காலில் இருக்கிறது.

கடைசியில் வந்த காளியம்மாள் கத்தினாள்.

"வயல்ல எறங்குங்கடி! மிதிங்கடி பயிரை! எறங்குங்கடி!"

காளியம்மாள் எங்கள் நடவுக் கூட்டத்தை நடத்தியவள். எந்த வயலுக்கு யார் போவது, எத்தனை பேர் போவது என்று அவள்தான் சொல்வாள். புருஷன் இல்லை. பிள்ளை இல்லை. வாய் உண்டு. அந்த வாய்க்குப் பயந்து மிராசுதாரின் காரியக்காரரே வேறு வரப்பில் சுற்றிப் போவார். அவள் கத்தியும் நாங்கள் இறங்கவில்லை.

பட். இரண்டாவது சத்தம். யார் மேலும் படவில்லை.

காளியம்மாள் வயலில் குதித்தாள். முற்றிய கதிரை முழங்காலால் உடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி வந்தாள். என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இடுப்புப் பிள்ளையோடு நான் பயிருக்குள் விழுந்தேன். அடுத்தவளை இழுத்தாள். அதற்கடுத்தவளை. இரண்டு மூன்று பேர் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது. தொப்தொப்பென்று எல்லாரும் இறங்கினார்கள். குனிந்து, தவழ்ந்து, கதிருக்கு அடியில் போனோம்.

கடைசியாக அஞ்சலை அக்கா வரப்பில் நின்றாள். வயசானவள். கைகூப்பிக்கொண்டு நின்றாள். யாரைக் கும்பிட்டாள் என்று கடைசிவரை அவளுக்கே தெரியவில்லை. காளியம்மாள் திரும்ப வரப்பில் ஏறி அவளைக் கீழே தள்ளினாள்.

பட்.

அதோடு துப்பாக்கிச் சத்தம் நின்றது. கால் சத்தம் வந்தது. செருப்பு போட்ட கால்கள் வரப்பில் வருகின்றன. என் பெண் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன். நெல் முகத்தைக் கீறுகிறது. இனி என்ன, இறங்கி வந்து ஆளாளுக்கு வெட்டிவிட்டுப் போவார்கள் என்று கண்ணை மூடினேன்.

அப்போது காரியக்காரர் தெருப் பக்கமிருந்து கூவினார். அந்தக் குரல் எனக்குச் சாகும்வரை மறக்காது.

"பயிர்ல எறங்காதீங்கடா! ஐயாவோட வெள்ளாமைடா! எறங்காதீங்கடா!"

செருப்புக் கால்கள் நின்றன. திரும்பிப் போயின.

ஆக, நாங்கள் பிழைத்தது சட்டத்தால் இல்லை. போலீசால் இல்லை. எங்களை ஆண்டவர்களால் இல்லவே இல்லை. மிராசுதாருக்கு நெல் மேல் இருந்த ஆசையால் பிழைத்தோம். வயலில் கிடந்தபடி தெரு எரியும் சத்தத்தைக் கேட்டோம். ஓலை சடசடக்கிறது. மூங்கில் வெடிக்கிறது. கோழிகள் அலறி அடங்கின. ஒரு நாய் மட்டும் நிறுத்தாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

எந்த வருஷம் என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் அது யார் ஆட்சி என்று உடனே விரல் விட்டு எண்ணுகிறார்கள். தங்கள் கட்சி இல்லை என்றால் கண்ணீர் விடுகிறார்கள். தங்கள் கட்சி என்றால் தொண்டையைச் செருமுகிறார்கள். இரண்டையும் போதுமான அளவு பார்த்துவிட்டேன். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த காலம். அது போதும்.

இன்னொரு கேள்வி உண்டு. இதைத்தான் கேட்க வேண்டும். ஒருவரும் கேட்பதில்லை. வரப்பில் ஓடியது முழுக்கப் பெண்கள். ஆண்கள் எங்கே?

ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அறுவடைக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்டிருந்தோம். அளக்கிற மரக்காலை எங்கள் கண் முன்னால் வைத்து அளக்க வேண்டும் என்றும் கேட்டோம். மிராசுதார் முடியாது என்றார். வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்றார். எங்கள் தெருவில் செங்கொடி ஏறியது. அதை இறக்கப் போலீஸ் வந்தது.

போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் சவுக்குத் தோப்புக்கு ஓடுவார்கள். அது ஏற்பாடு. ஆண்களைப் பிடித்தால் வழக்குப் போட்டு உள்ளே வைப்பார்கள். பெண்கள் என்றால் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே தெருமுனையில் நாங்கள் கைகோத்து நிற்பது. லத்தி எங்கள் முதுகில். ஜீப் போன பிறகு வேட்டியில் ஒட்டிய சவுக்கு இலையைத் தட்டிக்கொண்டு வருவார்கள். வந்து, போராட்டத்தின் அடுத்த கட்டம் என்ன என்று பேசுவார்கள். சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை.

பிறகு தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கமிட்டி கூட்டினார்கள். உள்ளே மிராசுதார். நடுவில் அதிகாரி. ஆளும் கட்சியின் கரைவேட்டிக்காரர் ஒருவர். எங்கள் சங்கத்துத் தலைவர். எங்கள் தெரு ஆண்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் என் கணவர் தேவசகாயம். கரைவேட்டிக்காரர் அடுக்குமொழியில் பேசுவார். எங்களைத் தாய்க்குலமே என்று கூப்பிடுவார். தாய்க்குலம் வாசலில் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

காளியம்மாள் படியேறினாள். நான் பின்னால் போனேன். நான் மிஷன் பள்ளியில் படித்தவள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், நடுறது நாங்க. அறுக்கிறது நாங்க. அடி வாங்கினதும் நாங்க. உள்ள எங்களுக்கு ஒரு நாக்காலி போடுங்க."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டு ஆம்பளைங்க பேசுறாங்கல்லம்மா? அப்புறம் என்ன?"

மிராசுதார் அவளைப் பார்க்கவே இல்லை. விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதுகள யாரு உள்ள விட்டது?"

அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் சங்கத்துத் தலைவர் எழுந்து வந்து தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, மொதல்ல கூலிப் பிரச்சினை முடியட்டும். பொம்பளைங்க பிரச்சினையைப் பின்னால பாத்துக்குவோம்."

கூலி யார் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ. நல்ல மனிதர். சிறைக்கெல்லாம் போனவர். உலகத்துத் தொழிலாளிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அந்த உலகத்தில் நாங்கள் மட்டும் இல்லை.

சமாதானம் ஆகிவிட்டது என்று சாயங்காலம் சொன்னார்கள். கூலியைக் கூட்டித் தருகிறார்களாம். செவ்வாய்க்கிழமை டவுன் சத்திரத்தில் கையெழுத்து. ஒவ்வொரு குடும்பத்துத் தலைவனும் வர வேண்டுமாம். மிராசுதாரே லாரி அனுப்புகிறாராம். எல்லாருக்கும் நாற்காலியாம். மிராசுதாருக்குச் சரிசமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடாம்.

காளியம்மாள் அன்றைக்கே சொன்னாள். தெருவே கூடியிருக்கும்போது சொன்னாள்.

"கையெழுத்துப் போட ரெண்டு பேரு போனா போதாதா? தெருவையே காலி பண்ணிக்கிட்டு என்ன சமாதானம்? அவரு லாரி அனுப்புறாருன்னா யோசிக்க வேணாமா? பாதிப் பேராவது இருங்க."

"ஒனக்கு நாக்காலி கெடைக்கலன்னு வயித்தெரிச்சல்," என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தார்கள். பெண்களில் சிலரும் சிரித்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்களின் அப்பனோ பாட்டனோ மிராசுதார் முன்னால் உட்கார்ந்ததில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள். உட்கார் என்று ஒருவன் சொன்னதும் மயங்கியது எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்யாணத்துக்குப் போவது போலப் புறப்பட்டார்கள். முகம் வழித்து, எண்ணெய் வைத்து. என் கணவருக்கு இரவல் சட்டை. செம்பில் நெருப்புப் போட்டு அதைத் தேய்த்துக் கொடுத்தது நான்தான். லாரியில் ஏறிக் கையசைத்தார்கள்.

மதியம் டிராக்டர் வந்தது.

அந்த நேரத்தில் மிராசுதார் சத்திரத்தில் எங்கள் ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிப் பாயசம் போதுமா என்று விசாரித்தாராம். பிறகு கோர்ட்டில் அவர் வக்கீல் எங்கள் ஆண்களையே கூண்டில் ஏற்றினார். அன்று மதியம் ஐயா எங்கே இருந்தார் என்று கேட்டார். "எங்க கூடத்தான் இருந்தாருங்க," என்றார்கள். பொய் இல்லை. உண்மைதான் சொன்னார்கள். கொன்றவனுக்குச் செத்தவர்களின் புருஷனும் அண்ணனும் சாட்சி. இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு நாற்காலியை யாரும் பயன்படுத்தியதில்லை.

வெயில் சாயும் நேரம் போலீஸ் வந்தது. இப்போது வந்தது. நாங்கள் வயலைவிட்டு எழுந்தோம். மரியபுஷ்பம் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தாள். காளியம்மாள் அஞ்சலை அக்காவைத் தள்ளிய இடத்தில் குப்புறக் கிடந்தாள். கால் வரப்பில், தலை பயிரில். தெருவில் ராசாத்தி வேப்ப மரத்தடியில் கிடந்தாள். எங்களோடு ஓடி வந்தவள், கட்டிப் போட்ட ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருக்கிறாள். எரிந்த கூரை அவள் மேல் விழுந்து, மரத்தடிவரை ஊர்ந்து வந்திருக்கிறாள். உயிர் இருந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லாரி திரும்பி வந்தது. ஆண்கள் இறங்கினார்கள். சட்டைப் பையில் வெற்றிலை. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்காவது பேசாமல் இருந்தார்களே.

தெருவில் இருக்கப் பயந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தோம். கேட்டவர்களிடம் நேர்த்திக்கடன் என்றோம். கோயில் வாசலில் யாத்திரைக்காரர்களோடு படுத்தோம். மொட்டை போட வந்தவர்களின் சோற்றில் பங்கு வாங்கித் தின்றோம். நான் லுத்தரன் சபை. மாதாவிடம் எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை. அந்த வாரம் பேசினேன். திட்டினேன் என்பதே சரி. அவளும் பெண்பிள்ளை, கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அடுத்த சமாதானக் கமிட்டி தயாராக இருந்தது. அதே அறை. அதே ஆட்கள். நாங்கள் அதே புங்க மரத்தடியில். ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

பேச்சு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பயிர் சேதம் பற்றி. அறுப்புக்கு நின்ற சம்பாவை எங்கள் பெண்கள் மிதித்து நாசம் செய்துவிட்டார்களாம். காரியக்காரர் அளவுகோல் வைத்து அளந்துகொண்டு வந்திருந்தார். இத்தனை மா நிலம், இத்தனை குழி நிலம் என்று படித்தார். கரைவேட்டிக்காரர் உச்சுக்கொட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கள் தலைவர், வேண்டுமென்று மிதிக்கவில்லை, பதற்றத்தில் மிதித்துவிட்டார்கள் என்று எங்களுக்காக வாதாடினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கடைசியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தார்களாம். மிராசுதார் பயிர் சேதத்தைப் பெரிய மனசோடு மன்னிக்கிறார். நாங்கள் வழக்கை அழுத்தக் கூடாது. பெண்கள் நாளைக்கே அறுப்புக்கு இறங்க வேண்டும். கதிர் முற்றிப்போய் உதிர்கிறது.

டைப் அடித்த தாளை வாசித்தார்கள். அதில் ஒரு வரி எங்களைப் பற்றி இருந்தது. "துரதிர்ஷ்டவசமாகச் சில பெண்கள் காயமுற்றும் இறந்தும் போயினர்."

சில பெண்கள். நெல்லுக்குக் குழிக் கணக்கு. எங்களுக்குச் சில.

அஞ்சலை அக்கா அதுவரை வாய் திறந்து நான் பார்த்ததில்லை. புங்க மரத்தடியில் எச்சிலைத் துப்பினாள். "நாளைக்கு எல்லாரும் அருவாள எடுத்துக்கிட்டு வாங்கடி," என்றாள்.

மறுநாள் காலையில் போனோம். அரிவாளோடு போனோம். காரியக்காரர் முகத்தில் வெளிச்சம். எங்கள் ஆண்கள் கட்டுத் தூக்கத் தும்புக் கயிற்றோடு நின்றார்கள். நாங்கள் வரப்பில் உட்கார்ந்தோம். வரிசையாக உட்கார்ந்தோம். அரிவாள் மடியில்.

"என்ன ஒக்காந்துட்டீங்க? எறங்குங்க," என்றார் காரியக்காரர்.

"எறங்க மாட்டோம்," என்றாள் அஞ்சலை அக்கா. "நீங்கதானே கத்துனீங்க? எறங்காதீங்க, ஐயா வெள்ளாமைன்னு. மிதிச்சிடுவோம். பயமா இருக்கு."

அன்று இறங்கவில்லை. மறுநாளும் அதே வரப்பில் உட்கார்ந்தோம். காரியக்காரர் மிரட்டினார். பிறகு கெஞ்சினார். எங்கள் ஆண்களை அனுப்பினார். என் கணவர் வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, நீங்கள் வராவிட்டால் எங்கள் மரியாதை என்ன ஆவது என்றார். அந்த மரியாதை சத்திரத்தில் பாயசத்தோடு முடிந்துவிட்டது என்றேன். கையை ஓங்கினார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் அரிவாளை மடியிலிருந்து கைக்கு மாற்றினார்கள். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் ஆள் இறக்கினார்கள். அவர்களும் எங்களைப் போலப் பெண்கள்தான். வரப்பில் நாங்கள் இருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டார்கள். அஞ்சலை அக்கா எழுந்து, பயிர் நசுங்கிக் கிடந்த இடத்தைக் காட்டினாள். "இங்கதான் எங்க காளியம்மா கெடந்தா." அவ்வளவுதான் சொன்னாள். வந்தவர்களில் மூத்தவள் அந்த இடத்துக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "வாங்கடி, ஏறுங்க," என்றாள். லாரி வந்த வழியே போயிற்று.

கதிர் உதிர ஆரம்பித்தது. மத்தியான வெயிலில் காதைக் கொடுத்தால் கேட்கும். பொடிப் பொடியாக ஒரு சத்தம். என் கை தானாக அரிவாளைத் தொட்டது. நட்ட கை இல்லையா. பக்கத்தில் இருந்தவள் அழுதாள். அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மாசி பிறந்து அதிகாரி ஜீப்பில் வரப்பு வரைக்கும் வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். நாற்காலி என்றோம். அவருக்குப் புரியவில்லை. காளியம்மாள் கேட்டது என்று ஞாபகப்படுத்தினேன். காளியம்மாள் யார் என்று கேட்டார். நீங்கள் எழுதிய சில பெண்களில் ஒருத்தி என்றேன்.

போட்டார்கள். இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் அஞ்சலை அக்கா, ஒன்றில் நான். மிராசுதார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர் கழுத்து, அவர் இஷ்டம். நாங்கள் மூன்று கேட்டோம். இனி எந்தப் பேச்சும் எங்கள் தெருவில் நடக்க வேண்டும், டவுனுக்கு லாரி வேண்டாம். நெல்லை எங்கள் முன்னால் அளக்க வேண்டும், கூட்டிய கூலியோடு. அந்தத் தாளில் சில பெண்கள் என்பதை அடித்துவிட்டுப் பெயர் எழுத வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். உதிர்கிற நெல் அவர்களைச் சரி என்று சொல்ல வைத்தது. மூன்றாவதைக் கேட்டதும் அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மேலே அனுப்பியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். சிரித்தார்.

நான் கையெழுத்துப் போடும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ராசாத்தி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. நோயில் செத்தார்கள், பாம்பு கடித்துச் செத்தார்கள், துப்பாக்கியால் சாகவில்லை. முதல் நாளே ஒரு நாற்காலி போட்டிருந்தால் காளியம்மாள் அந்த லாரியை நிறுத்தியிருப்பாள். ஒரு நாற்காலிதான். அதிகாரியின் அறை மூலையில் காலியாக மூன்று கிடந்தன. நானே பார்த்தேன்.

பல வருஷம் கழித்துப் பெண்களுக்கு ஒதுக்கீடு வந்தது. எங்கள் ஊராட்சியும் பெண்ணுக்கு என்று ஆயிற்று. நின்றேன். ஜெயித்தேன். முதல் நாள் அலுவலகத்துக்குப் போனால் என் நாற்காலியில் என் கணவர். இந்த ஆளுக்கும் நாற்காலிக்கும் ஜென்ம பந்தம். தலைவரு, தலைவரு என்று நாலு பேர் அவர் முன்னால் நிற்கிறார்கள்.

"எந்திரிங்க," என்றேன். "வெளியில மரம் இருக்கு. நெழல்ல நில்லுங்க. நாங்களும் நின்னவங்கதான்."

எழுந்து போனார். சாகும்வரை அந்த அலுவலகத்துக்குள் வரவில்லை. வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போவார். போகும்போது ஒருநாள், காளியம்மா சொன்னப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாது என்றார். ஆமாம் என்றேன்.

தஞ்சாவூரில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறை. ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா, ஒரு வாழைப்பழம். திரையில் வெள்ளைப் புறா. அமைதியைக் கட்டியெழுப்புவதில் பெண்களின் பங்கேற்பு என்று தலைப்பு. பேச வந்தவர் நன்றாகப் படித்தவர். நல்ல சட்டை. "கிராமப்புறப் பெண்கள் இப்பத்தான் மெல்ல மெல்ல வெளியில வர ஆரம்பிச்சிருக்காங்க," என்றார்.

கையைத் தூக்கினேன். "நாங்க வெளியிலதாங்க நின்னுக்கிட்டு இருந்தோம். நீங்கதான் உள்ள விடல."

கைதட்டினார்கள். அவரும் சேர்ந்து கைதட்டினார். அருமையான கருத்து என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். வாழைப்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாள் இன்னும் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கும். மேலே என்று சொன்னார்களே, அங்கே. அதில் இன்னும் சில என்றுதான் இருக்கும். அவர்களுக்கு எண்ணத் தெரியவில்லை. நான் எண்ணுகிறேன்.

மரியபுஷ்பம். கல்யாணமாகி வந்து அதுதான் முதல் பொங்கல். புதுச் சேலையில் ஓடினாள். எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

காளியம்மாள். கேட்ட நாற்காலி கிடைக்காதவள். பயிரை மிதிக்கத் தெரிந்தவள் எங்களில் அவள் ஒருத்திதான்.

ராசாத்தி. ஆட்டுக்காகத் திரும்பிப் போனவள். ஆடு பிழைத்தது.

மூன்று பேர். சிலர் இல்லை. மூன்று பேர்.

வீடுகள், தெருவின் மேலண்டை வரிசை முழுதும். சாக்கில் கட்டிவைத்திருந்த விதை நெல். கோழிகள். காளியம்மாளின் அரிவாள். அதை ஆயுதம் என்று போலீஸ் எடுத்துப் போனது, திருப்பித் தரவில்லை. என் பெண்ணுக்கு வாய் பொத்தினால் வருகிற பயம், அவள் பேரன் எடுத்த பிறகும் போகவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, மிதிபட்ட பயிர். நியாயம் தவறக் கூடாது, அதுவும் இழப்புதான். மறு புரட்டாசியில் அதே இடத்தில் நாங்களே நாற்று நட்டோம். அது திரும்ப வளர்ந்துவிட்டது.